சொன்னவர் நல்லவர்!

வகுப்பில் அன்று ஒரே சிரிப்பு!

மயிலாப்பூரில், லஸ் முனையிலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கிறது நாம் பணியாற்றும் பள்ளி. எட்டாம் வகுப்புக்கு வரலாறு கற்பிப்பது நமது வேலை. 2022 அக்டோபரில் ஒரு நாள், மேசைமீது களிமண் யானைப் பொம்மை ஒன்றை வைத்தோம். தேக்கரண்டியில் பால் எடுத்தோம். விளிம்பு துதிக்கையில் படும்படி ஏந்திப் பிடித்தோம். பால் குறைந்தது. மாணவர்கள் வாய் பிளந்தனர். அடுத்த கரண்டிப் பாலில் சிறிது சிவப்பு மை கலந்தோம். யானையின் நெஞ்சு வழியே செந்நிறக் கோடு ஒன்று மெல்ல இறங்கி மேசையை நனைத்தது. வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம்.

1995 செப்டம்பர் 21ஆம் நாள் நாட்டையே கலக்கிய கதையைத்தான் அப்படி விளக்கிக்கொண்டிருந்தோம். பொழுது புலரும் முன் தில்லியில் ஒரு கோயிலில் பிள்ளையார் பால் குடித்தார் என்று பேச்சுக் கிளம்பிற்று. கைப்பேசி மக்கள் கைக்கு வராத காலம் அது. ஆயினும் ஒருவர் இன்னொருவருக்குத் தொலைபேசியில் சொல்ல, அவர் அண்டை வீட்டாருக்குச் சொல்ல, அன்றைய பொழுது சாய்வதற்குள் அந்தப் பேச்சு நாடெங்கும் பரவிக் கடல் கடந்து இலண்டனையும் எட்டிவிட்டது. கோயில்தோறும் கரண்டியும் கையுமாக மக்கள் வரிசை! மைய அரசின் அறிவியலறிஞர்கள் நிறங் கலந்த பாலைக்கொண்டு சோதித்துக் காட்டினர். பரப்பு இழுவிசையால் பால் கரண்டியின் விளிம்பைத் தாண்டி இழுபடுகிறது. பிறகு மெல்லிய படலமாகச் சிலைமீது வழிந்து இறங்குகிறது. ஈரக் கல்லில் வழியும் அந்தப் படலம் எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவ்வளவுதான்!

“அப்படியானால், பார்த்தேன் என்று சொன்னவர்கள் பொய் சொன்னார்களா, சார்?” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்.

“இல்லையம்மா. பால் குறைந்ததை அவர்கள் கண்டது மெய். குறைந்த பால் எங்கே போயிற்று என்று பார்க்கவில்லை. அதுதான் பிழை” என்றோம், பெருமிதத்தோடு.

நல்ல விடைதான். ஆனால், விடை சொன்ன வாய்க்கே அதன் பொருள் விளங்கவில்லை என்பதை அன்று பிற்பகலே மெய்ப்பித்தோம்!

ஆசிரியர் அறையில் நம்மருகே வந்து அமர்ந்தார் கணக்காசிரியர். நம்மைவிட இருபது ஆண்டுகள் மூத்தவர். நாம் வேலையில் சேர்ந்த புதிதில் அலைந்து திரிந்து நமக்கு வாடகைக்கு அறை பார்த்துக் கொடுத்தவர். காய்ச்சலில் கிடந்தபோது வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர். யாரிடமும் பத்துப் பைசா கடன் வைக்காதவர். தங்கமான மனிதர் என்று பள்ளி முழுவதும் பெயர்.

“தம்பி, உங்களுக்காகச் சொல்கிறேன், வெளியில் சொல்லிவிடாதீர்கள். தியாகராய நகரில் ஒரு நிறுவனம் இருக்கிறது. இலட்சத்துக்கு மாதம் எட்டாயிரம் தருகிறார்கள். ஐந்து மாதமாக எனக்குத் தவறாமல் வருகிறது” என்றார். சொன்னதோடு விடவில்லை, வங்கிக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தும் காட்டினார். ஐந்து மாதம், ஐந்து வரவு, ஒரு நாள்கூடத் தாமதமில்லை.

அவ்வாண்டு மே மாதத்தில்தான் ஆருத்ரா என்னும் நிறுவனத்தில் காவல்துறை புகுந்து சோதனையிட்டிருந்தது. மாதந்தோறும் நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது என்று வட்டி தருவதாகக் கூறி, ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாக அதன்மீது குற்றச்சாட்டு. ஏடுகள் எல்லாம் எழுதின. நாமும் படித்திருந்தோம். அதைச் சொன்னோம்.

“அது வேறு தம்பி, இது வேறு. அவர்கள் பேராசை காட்டினார்கள். இவர்கள் அளவாகத்தான் தருகிறார்கள்” என்றார் அவர்.

அளவாகத்தான்! வங்கிகள் ஓராண்டு முழுவதற்கும் நூற்றுக்கு ஆறும் ஏழும் தந்துகொண்டிருந்த நாளில், ஒரே மாதத்திற்கு நூற்றுக்கு எட்டு! அதனை அளவென்று சொன்னவர் கணக்காசிரியர். அதற்குத் தலையாட்டியவர், காலையில் பால் எங்கே போயிற்று என்று பாடம் நடத்தியவர்! அறையில் இருந்த எட்டுப் பேரில் ஆறு பேர் ஏற்கெனவே பணம் போட்டிருந்தனர். நாம் ஏழாமவரானோம். முதல் சேமிப்பான ஐம்பதாயிரத்தையும் கொண்டுபோய்க் கட்டினோம். பாண்டி பசாருக்குப் பக்கத்துத் தெருவில், கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமுமாக ஓர் அலுவலகம். அச்சிட்ட பத்திரம் தந்தார்கள். அடுத்த மாதம் நாலாயிரம் வந்தது.

தோழர்களே, இதுவரை சொன்னது நாம் ஏமாந்த கதை. ஏமாந்தவன் கதை எழுதிக் கண்ணீர் பெறுவது எளிது. சொல்ல வந்தது அதுவன்று. நாம் ஏமாற்றிய கதை இனிமேல்தான் வருகிறது.

பள்ளியில் ஓர் ஆயாம்மா. பட்டினப்பாக்கத்தில் வாரியக் குடியிருப்பில் வீடு. கணவர் இல்லை. மகளைச் செவிலியர் படிப்பில் சேர்க்க வேண்டும் என்பதற்காகச் சீட்டுக் கட்டி, வயிற்றைக் கட்டி, அறுபதாயிரம் சேர்த்து வைத்திருந்தார். ஆசிரியர் அறையில் தேநீர் கொண்டுவந்து வைக்கும்போது பேச்சு அவர் காதில் விழாதா? ஒரு நாள் நம்மிடம் தனியே வந்தார்.

“சார், எல்லாரும் ஏதோ கம்பெனியில பணம் போடறாங்களாமே. போடலாமா சார்?”

“நாங்களும் போட்டிருக்கிறோம், ஆயாம்மா. எனக்கு வந்தது” என்றோம்.

ஒரு வரிதான். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. “போடுங்கள்” என்றுகூட நாம் சொல்லவில்லை! ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நமது பட்டம் நின்றது, சட்டைப் பையில் செருகிய பேனா நின்றது, ‘படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்ற ஏழையின் நம்பிக்கை நின்றது. மறுநாள் அரை நாள் விடுப்பெடுத்து, நம்மையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போய், அறுபதாயிரத்தையும் கட்டினார்.

வெளியே வரும்போது ஏஜெண்டு நம்மை மட்டும் ஓரமாக அழைத்தார். “அறிமுகக் கமிஷன், சார்” என்று ஓர் உறையை நீட்டினார். 1,200 ரூபாய். நாம் கேட்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆயாம்மாவிடமும் சொல்லவில்லை. ஜனவரியில் நந்தனத்தில் நடந்த புத்தகக் கண்காட்சிக்குப் போய் அந்தப் பணத்தில் நூல்கள் வாங்கினோம். என்ன நூல்கள் தெரியுமா? பகுத்தறிவு நூல்கள்!

2023 மார்ச்சில் வட்டி வரவில்லை. “கணினியில் கோளாறு” என்றார்கள். ஏப்ரலில் கண்ணாடிக் கதவு பூட்டிக் கிடந்தது. வாசலில் நூறு பேர். கணக்காசிரியர் தலையில் கை வைத்து நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். வந்த வட்டியையெல்லாம் மறுபடி அங்கேயே போட்டவர் அவர். நம்மைவிடப் பன்மடங்கு இழந்தார்.

ஆயாம்மாவுக்கு இரண்டு மாத வட்டியாக 9,600 ரூபாய் வந்திருந்தது. மீதி 50,400 போயிற்று. மகள் அவ்வாண்டு படிப்பில் சேரவில்லை. துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக நிற்கப் போனாள்.

இரவெல்லாம் உறங்காமல், மறுநாள் ஆயாம்மாவிடம் போய் அந்த 1,200 ரூபாய்ச் செய்தியைச் சொன்னோம். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். திட்டினால் பாரம் குறையும் என்றும் நினைத்தோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“நீங்க மட்டுமா சார்? நானும் எங்க பக்கத்துல மூணு பேருக்குச் சொன்னேனே. எனக்கு வந்துதுன்னு சொன்னேன். இப்ப குழாயடிக்குத் தண்ணி புடிக்கப் போக முடியல.”

கணக்காசிரியரிடமிருந்து நமக்கு, நம்மிடமிருந்து ஆயாம்மாவுக்கு, ஆயாம்மாவிடமிருந்து குழாயடிக்கு! இத்தனை வாய்களில் எந்த வாய் பொய் சொல்லிற்று? கணக்காசிரியர் பொய் சொன்னாரா? அவருக்கு வந்தது. நாம் பொய் சொன்னோமா? நமக்கும் வந்தது. ஆயாம்மா? அவருக்கும் வந்தது. எல்லோரும் மெய்யே பேசினோம். மெய் பேசியே ஒருவரையொருவர் கெடுத்தோம்!

இந்த வித்தை புதிதன்று. 1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி என்பவர் 45 நாளில் நூற்றுக்கு ஐம்பது இலாபம் என்றார். அஞ்சல் கூப்பன்களை ஒரு நாட்டில் வாங்கி வேறு நாட்டில் மாற்றுவதால் வரும் இலாபம் என்று காரணமும் சொன்னார். உண்மையில், பின்னால் வந்தவர் போட்ட பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்குக் கொடுத்தார். முதலில் பெற்றவர்கள் ஊரெல்லாம் சொன்னார்கள். அவர்கள் சொன்னது மெய்தான். பொய்யன் விளம்பரப் பலகை எழுதினால் ஐயம் பிறக்கும். ஆகவே அவன் பலகை எழுதுவதில்லை. நல்லவர் நாலு பேருக்கு ஒழுங்காகக் கொடுத்துவிடுகிறான். பிறகு அவன் வாய் திறக்க வேண்டியதில்லை. நல்லவர்களின் வாய்கள் அவனுக்காக உழைக்கின்றன, நன்றியோடு, கூலியில்லாமலும்கூட! தொடக்கத்தில் வரும் வட்டி வெறும் வட்டியன்று. அதுதான் விளம்பரச் செலவு.

ஒவ்வொருவரும் ஐந்து பேருக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து இருபத்தைந்தாகும், இருபத்தைந்து நூற்றிருபத்தைந்தாகும். பத்தாவது படியில் மட்டும் 97,65,625 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் சென்னை நகரின் மக்கள் தொகையே ஏறத்தாழ 46 இலட்சந்தான். கைக்குழந்தை முதல் கிழவர் வரை எல்லோரையும் சேர்த்தாலும் பாதிப் படிக்குக்கூட ஆள் போதாது. எட்டாம் வகுப்பு மாணவர் போடக்கூடிய பெருக்கல் இது. ஆசிரியர் அறையில் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை.

ஏன் போடவில்லை? சொன்னவர் நல்லவர் என்பதால்!

மனிதர் மனம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. அமெரிக்காவில் டிகேட்டர் என்னும் ஊரில் 800 பெண்களிடம் விசாரித்து, காட்ஸ், லாசர்ஸ்ஃபெல்டு என்ற இரு அறிஞர்கள் 1955இல் ஒரு நூல் வெளியிட்டனர். எந்தச் சாமானை வாங்குவது, எந்தத் திரைப்படத்துக்குப் போவது என்பதிலெல்லாம் ஏட்டு விளம்பரத்தையும் வானொலியையும்விட, தெரிந்தவர் ஒருவர் நேரில் சொன்ன சொல்லே வலிமை பெற்றது என்று கண்டனர். அதற்குச் சற்று முன், 1951இல், சாலமன் ஆஷ் என்னும் உளவியலறிஞர் வேறொரு சோதனை நடத்தினார். காட்டிய ஒரு கோட்டுக்கு, வேறு மூன்று கோடுகளில் எது நீளத்தில் சமம் என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் உடனிருந்தோர் எல்லாரும் முன்னேற்பாட்டின்படி தவறான விடையையே சொன்னார்கள். சோதனைக்குட்பட்டவர்கள் அளித்த விடைகளில் மூன்றில் ஒரு பங்கு, கண் கண்டதை விட்டுக் கூட்டம் சொன்னதைத் தழுவியது. எட்டுப் பேரில் ஆறு பேர் பணம் போட்ட அறையில் ஏழாமவரின் கதி வேறு என்னவாகும்?

இங்கே மயிலையில் இந்த நம்பிக்கை தலைமுறைச் சொத்தாகவும் வருகிறது. 1906 அக்டோபர் 22ஆம் நாள் சென்னையில் அர்பத்நாட் என்னும் வெள்ளையர் நிறுவனம் நொடித்தது. பெரிய இடம், பெரிய மனிதர், அவர்களே போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் தெருவில் நின்றனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அந்த வீழ்ச்சிக்குப் பிறகுதான், மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி அய்யர் முதலானோர் முயன்று, 1907இல் இந்தியன் வங்கியைத் தோற்றுவித்தனர்.

அதற்கும் முன்பு, 1872இல் தொடங்கியது மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட். பாட்டனார் போட்டார், தந்தையார் போட்டார், ஆகவே நானும் போட்டேன் என்று ஓய்வூதியத்தைக் கொண்டுபோய் வைத்தவர்கள் பலர். 2024இல், முதிர்ந்த வைப்புத் தொகை திரும்பவில்லை என்று அங்கிருந்தும் முறையீடுகள் எழுந்தன. ஆகஸ்டு மாதம் அதன் நிருவாக இயக்குநர் கைது செய்யப்பட்டார். குற்றம் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறு: பாட்டனார் சொன்ன சொல், பாட்டனார் காலத்து நிருவாகத்தைப் பற்றியது. பேரன் அதை இன்றைய நிருவாகத்துக்கும் நற்சான்றாக எடுத்துக்கொண்டான். சொல் அப்படியே இருந்தது. சொல்லப்பட்ட பொருள் மாறிவிட்டது!

அப்படியானால் வாய்ச்சொல்லே கூடாதா? யாரையும் நம்பாமல், யாருக்கும் ஒன்றும் சொல்லாமல், ஊமையாய் வாழ்வதா? அன்று, அன்று! அடையாற்றில் நல்ல மருத்துவர் யார் என்று வாய்ச்சொல்தான் நமக்குச் சொல்கிறது. ஏழைக்கு ஏடு எட்டாத காலத்தில், தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டுத்தான் இந்நாட்டில் விழிப்பே பரவிற்று. அதுவும் வாய்ச்சொல்தான். ஆனால் வேறுபாட்டைப் பாருங்கள். அங்கே ஏடு நடுவில் கிடந்தது. எவரும் எடுத்துப் பார்க்கலாம். ஒருவர் படித்தால் இன்னொருவர் மறுப்பார்; மூன்றாமவர் குறுக்குக் கேள்வி போடுவார். பெரியார் மேடையில் மணிக்கணக்கில் பேசுவார். ஆயினும், நான் சொன்னேன் என்பதற்காக ஏற்க வேண்டாம், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளுங்கள் என்னும் கருத்தைக் கேட்டோரிடம் வலியுறுத்தத் தவறமாட்டார். கேட்பவரைக் கட்டிப்போடாமல் அவிழ்த்துவிடும் சொல் அது.

கணக்காசிரியர் சொன்னது எப்படி? “உங்களுக்காகச் சொல்கிறேன், வெளியில் சொல்லாதீர்கள்.” காதோடு காதாக வருவதால் அது பரிசுபோல் தோன்றுகிறது. பரிசைத் திருப்பிப் பார்த்து விலை கேட்பது நாகரிகமாகுமா? கேள்வி கேட்டால் சொன்னவரையே ஐயுற்றதாகுமே! இந்தக் கூச்சந்தான் மோசடிக்காரனின் முதலீடு. சொன்னவரின் நல்லியல்பு ஒன்று. சொல்லப்பட்டதன் உண்மை வேறொன்று. முன்னதை மதித்துக்கொண்டே பின்னதை ஆராய முடியும். அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் வலியுறுத்தியதும் இதைத்தான். அந்தக் குறளை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம், மதிப்பெண்ணும் போடுகிறோம்!

இப்போது நாம் மூன்று கேள்விகளை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறோம். யார் எதைப் பரிந்துரைத்தாலும், பணமானாலும் மருந்தானாலும், முதலில், “உங்களுக்கு என்ன கிடைத்தது?” என்று கேட்கிறோம். அடுத்து, “அது எங்கிருந்து வந்தது?” என்று கேட்கிறோம். மூன்றாவதாக, “இதைச் சொல்வதால் உங்களுக்கு ஏதேனும் வருகிறதா?” என்று கேட்கிறோம். முதற் கேள்விக்கு எல்லாரும் விடை சொல்வார்கள். இரண்டாவதில் பலர் விழிப்பார்கள். மூன்றாவதில் சிலர் கோபிப்பார்கள். அந்தக் கோபத்தைப் பொறுத்துக்கொள்வது, ஐம்பதாயிரத்தை இழப்பதைவிட மலிவு.

சட்டம் இல்லாமல் இல்லை. வைப்பாளர் நலன் காக்கத் தமிழ்நாடு அரசு 1997இலேயே சட்டம் இயற்றிற்று. மோசடி நிறுவனத்தின் சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றத்தின் வழியே வைப்பாளருக்குப் பிரித்துக் கொடுக்க அதில் வழியுண்டு. ரிசர்வ் வங்கி 2016இல் ‘சசேத்’ என்னும் இணையத் தளத்தைத் தொடங்கிற்று; வைப்புப் பெறும் உரிமை ஒரு நிறுவனத்துக்கு உண்டா என்று பார்க்கவும், முறையிடவும் அது உதவுகிறது. ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களை 2019இல் மைய அரசு தடை செய்தது. பொய்யென்று தெரிந்தே உறுதி கூறிப் பணம் போடத் தூண்டுவோரையும் குற்றவாளியாக்கிற்று. ‘தெரிந்தே’ என்கிறது சட்டம். நமக்குத் தெரியாது. ஆகவே சட்டம் நம்மை விட்டுவிட்டது. மனச்சான்று விடவில்லை. தெரிந்துகொள்ளக்கூடியவன் தெரிந்துகொள்ளாமல் இருந்தது, தெரிந்துகொள்ள வழியற்றவளைப் பாதித்தது என்றால், அதற்குப் பெயர் என்ன?

ஆயாம்மாவையும் அவர் சொல்லிக் கெட்ட மூவரையும் அழைத்துக்கொண்டு போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம். மாதம் மூவாயிரமாக அவருடைய 50,400 ரூபாயையும் நாமே கொடுத்துத் தீர்த்தோம். முதலில் வாங்க மறுத்தார். “கடன் அல்ல ஆயாம்மா, அபராதம்” என்றோம். மகள் ஓராண்டு தாமதமாகப் படிப்பில் சேர்ந்தாள். அந்த ஓராண்டை எந்தத் தவணையில் திருப்பிக் கொடுப்பது? குழாயடியில் ஆயாம்மா இழந்த மதிப்பை எந்த நீதிமன்றம் பிரித்துக் கொடுக்கும்? அந்த மூவருக்கு நாம் ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுக்க நம்மிடம் இல்லை.

யானைப் பொம்மைப் பாடத்தை இப்போதும் ஆண்டுதோறும் நடத்துகிறோம். ஆனால் சிரிப்பதோடு நிறுத்துவதில்லை. பால் வழிந்த மேசையைத் துடைத்த பிறகு, கரும்பலகையில் ஐந்தில் தொடங்கிப் பத்துப் படிகள் பெருக்கச் சொல்கிறோம். பிறகு, ஐம்பதாயிரம் போட்ட ஓர் ஆசிரியரின் கதையைச் சொல்கிறோம். 1,200 ரூபாயையும் மறைப்பதில்லை. பிறர் மூடநம்பிக்கையைக் கண்டு சிரிப்பது பகுத்தறிவின் தொடக்கமாகலாம். நம் வாயிலிருந்து போகும் சொல்லுக்கு நாமே கணக்குக் கேட்பதுதான் அதன் முதிர்ச்சி.

தோழனே, நாளைக் காலை உன்னிடம் ஒருவர் வந்து, “எனக்கு வந்தது” என்பார். நம்பு, அவருக்கு வந்திருக்கும். அவர் நல்லவராகவும் இருப்பார். “எங்கிருந்து வந்தது?” என்று கேள். விடை கிடைக்கும்வரை, பணத்தை மட்டுமன்று, வாயையும் மூடி வை!